அழுத்தம் கூடும்போது ஊக்கத்துக்கு என்ன ஆகிறது: பெரிய இலக்கோடு உழைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நீண்ட அறிக்கையை 3 நாட்களுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தரவுகள் எல்லாம் கையில் இருந்தன. அவற்றிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று சொல்லும் கடைசிப் பகுதி மட்டுமே எஞ்சியிருந்தது. இரவு 9 மணிக்கு மேசை முன் அமர்ந்த நான் பதினொன்றரை வரை எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டரை மணி நேரத்தில் எல்லா அட்டவணைகளின் கோடுகளையும் ஒரே தடிமனுக்குக் கொண்டுவந்தேன், அடிக்குறிப்பு எண்களைச் சரிபார்த்தேன், தலைப்புகளின் எழுத்தளவை இரண்டு முறை மாற்றிவிட்டு மீண்டும் பழைய அளவுக்கே திருப்பினேன். கடைசிப் பகுதியில் ஒரு வாக்கியம்கூட ஏறவில்லை.

அன்றைக்கு என்னைச் சோம்பேறி என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. உழைப்பு இருந்தது, வேகம் இருந்தது, களைப்பும் இருந்தது. ஆனால் அந்த உழைப்பு போய்ச் சேர வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. அழுத்தம் நம்மை முடக்கிப் போட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்று நினைக்கிறோம். உயர்ந்த இலக்கோடு உழைப்பவர்களிடம் அது பெரும்பாலும் முடக்குவதில்லை. யோசிக்கும் திறனை முதலில் எடுத்துக்கொண்டு, பழக்கப்பட்ட கைகளை ஓடவிட்டுவிடுகிறது. வேலை நடந்துகொண்டே இருப்பதால் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைச் சீக்கிரமே எப்படிக் கண்டுகொள்வது, கண்டுகொண்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

ஓர் ஆபத்தை உணர்ந்த சில நொடிகளுக்குள் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலேறுகிறது, ரத்தம் தசைகளை நோக்கிப் பாய்கிறது. எதிர்த்து நில் அல்லது ஓடித் தப்பு என்ற இந்த ஆயத்தத்தை வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளக்கினார். அதைத் தொடர்ந்து, சற்றே மெதுவாக, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உயர்கிறது. அழுத்தம் தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் அது ரத்தத்தில் உச்சத்தைத் தொடுகிறது. வாக்குவாதம் முடிந்து அரை மணி நேரம் கழித்தும் உடம்பு அடங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூளையில் நடப்பதுதான் நமக்கு முக்கியம். திட்டமிடுவது, பல தகவல்களை ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி ஒப்பிடுவது, முதலில் தோன்றியதை ஒதுக்கிவிட்டு அதைவிடச் சிறந்த வழியைத் தேடுவது ஆகிய எல்லாமே நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியைச் சார்ந்தவை. விழிப்போடு இருக்கும் அளவுக்கு நார்அட்ரினலின், டோப்பமைன் என்ற மூளை வேதிப்பொருள்கள் அங்கே சுரந்தால் அந்தப் பகுதி நன்றாக இயங்கும். நம் கைமீறிப் போய்விட்டது என்று தோன்றும் நெருக்கடியில் அவை வெள்ளமாகச் சுரக்கும்போது அதே பகுதி தளர்ந்துவிடும் என்பதை ஆமி ஆர்ன்ஸ்டன் என்ற நரம்பியல் ஆய்வாளர் பல ஆண்டுக்கால ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அப்போது பொறுப்பை எடுத்துக்கொள்வது மூளையின் பழைய பகுதிகள். அவற்றுக்குத் தெரிந்தது பயமும் பழக்கமும்தான்.

இதை மிகத் தெளிவாக உணர்த்திய ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. லார்ஸ் ஷ்வாபேயும் ஆலிவர் வுல்ஃபும் சிலரைப் பனிநீரில் கையை வைக்கச் செய்து அழுத்தத்துக்கு உள்ளாக்கினார்கள். பிறகு எந்தத் தேர்வு எந்த உணவைப் பெற்றுத் தரும் என்பதைப் பழக்கினார்கள். அதன்பின் அந்த உணவுகளில் ஒன்றைத் திகட்டும் வரை உண்ணவைத்தார்கள். அழுத்தம் இல்லாதவர்கள் திகட்டிய உணவைத் தரும் தேர்வைக் கைவிட்டார்கள். அழுத்தத்துக்கு உள்ளானவர்களோ, வேண்டாத உணவைத் தரும் அதே தேர்வைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். பலன் வேண்டாம் என்று ஆன பிறகும் செயல் நிற்கவில்லை. இதைப் படித்தபோது என் அட்டவணைக் கோடுகள்தான் நினைவுக்கு வந்தன.

எந்த வேலைக்கு எவ்வளவு அழுத்தம்

ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் 1908-இல் எலிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் வேறுபடுத்த எலிகள் கற்க வேண்டும். தவறான பெட்டிக்குள் நுழைந்தால் மின் அதிர்ச்சி. வேறுபாடு எளிதாகத் தெரியும்போது அதிர்ச்சி கூடக் கூட எலிகள் வேகமாகக் கற்றன. வெளிச்சத்தைக் குறைத்து வேறுபாட்டைக் கடினமாக்கியபோது, மிதமான அதிர்ச்சிதான் நல்ல பலனைத் தந்தது. அதற்கு மேல் கூட்டியபோது கற்றல் தாமதமானது. அழுத்தம் ஓர் அளவுவரை திறனை உயர்த்தி, அதற்கு மேல் போனால் குறைக்கும் என்று காட்டப் பாடநூல்களில் வரையப்படும் அழகான வளைகோடு பிற்காலத்தில் வந்தது. எலியின் மின் அதிர்ச்சியும் மனிதனின் கெடுவும் ஒன்றல்ல என்பதும் உண்மைதான். ஆனால் அந்தச் சோதனையின் மையக் கருத்து நடைமுறையில் மிகவும் பயன்படும்: வேலை எவ்வளவு கடினமோ, அது தாங்கும் அழுத்தம் அவ்வளவு குறைவு.

நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். எளிய வேலைகளை நிதானமான காலை நேரத்தில் முடித்துவிட்டு, யோசனை தேவைப்படும் கடினமான வேலையைக் கெடு நெருக்கும் கடைசி மணிக்குத் தள்ளுகிறோம். ‘நெருக்கடி வந்தால்தான் எனக்கு வேலை ஓடும்’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு வேலை ஓடுகிறது. ஆனால் அந்த ஓட்டத்தில் வெளிவருவது அவர்கள் முன்பே பலமுறை செய்து பழகிய வடிவம்தான். புதிதாக ஒன்று அதில் பிறப்பது அரிது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, வாரத்தின் தொடக்கத்தில் உங்கள் வேலைகளை இரண்டாகப் பிரிப்பது. எப்படிச் செய்வது என்பது முன்கூட்டியே தெரிந்தவை ஒரு பக்கம்: மின்னஞ்சல்களுக்குப் பதில், கணக்குச் சரிபார்ப்பு, படிவங்கள், ஏற்கெனவே ஒத்திகை பார்த்த உரை. இவற்றைக் கெடுவுக்கு அருகிலேயே வையுங்கள். கொஞ்சம் நெருக்கடி இவற்றுக்கு நல்லது, இல்லாவிட்டால் இவை நாள் முழுவதையும் விழுங்கிவிடும். எப்படிச் செய்வது என்பதே இன்னும் தெரியாதவை மறுபக்கம்: புதிய வடிவமைப்பு, வாதத்தைக் கட்டி எழுப்பும் எழுத்து, தீர்வு தெரியாத கணக்கு, ஒரு பெரிய முடிவு. இவற்றுக்கு நாளின் முதல் 60 அல்லது 90 நிமிடங்களை, செய்திகளைத் திறப்பதற்கு முன்பே, கொடுத்துவிடுங்கள். மேலும் இந்த வேலைகளுக்கு உண்மையான கெடுவுக்கு வெகு முன்னதாகவே, யாருக்கும் காட்ட வேண்டியிராத ஒரு முதல் வரைவுக்கான நாளைக் குறியுங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை என்பதுதான் இதில் முக்கியம். பிறர் மதிப்பிடுவார்கள் என்ற எண்ணமே அழுத்தத்தின் பெரும்பகுதியாக இருப்பதால், அதை அகற்றிவிட்டால் அதே வேலையின் கனம் பாதியாகிவிடும். அந்த வரைவு மோசமாக இருக்கலாம், இருக்கட்டும்.

எதை நோக்கி ஓடுகிறோம், எதிலிருந்து ஓடுகிறோம்

நீண்ட நாள் அழுத்தம் ஊக்கத்தின் அளவைக் குறைப்பதற்கு முன் அதன் திசையை மாற்றிவிடுகிறது. ஒரு காலத்தில் அந்தத் துறையின்மேல் இருந்த ஆர்வத்தால் உழைத்தவர், கொஞ்சம் கொஞ்சமாக, தோற்றுவிடக் கூடாது, தாழ்ந்துவிடக் கூடாது, எடுத்த பெயரைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக உழைக்கத் தொடங்குகிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே உழைப்பு. மதிப்பெண்ணும் பதவி உயர்வும் பாராட்டும் தொடர்ந்து வருகின்றன. அவருக்கே சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது, வேலையைக் கடனே என்று செய்துகொண்டிருக்கிறோம் என்று.

இதைக் கண்டுபிடிக்க நான் நம்பும் சோதனை மிக எளிது. ஒரு முக்கியமான வேலையை முடித்த அன்று மாலை, உங்களுக்குள் என்ன எழுகிறது என்று கவனியுங்கள். ‘அப்பாடா, தப்பித்தோம்’ என்ற நிம்மதி மட்டும் வருகிறதா, அல்லது செய்ததைத் திரும்பி ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும் போலிருக்கிறதா? நிம்மதி தவறான உணர்வு இல்லை. எல்லோருக்கும் அவ்வப்போது வருவதுதான். ஆனால் தொடர்ந்து 4, 5 வேலைகளுக்கு நிம்மதியைத் தவிர வேறெதுவும் வரவில்லை என்றால், அந்த நிம்மதியும் அடுத்த வேலையின் நினைப்பு வந்ததும் சில மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது என்றால், நீங்கள் தப்பித்தலில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். ஒரு நாட்குறிப்பில் 3 வாரங்களுக்கு இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். நினைவை நம்பாதீர்கள், களைத்த மனம் எல்லா நாட்களையும் ஒரே நிறத்தில் பூசிவிடும்.

தப்பித்தலில் ஓடுபவரால் திசை திரும்ப முடியும். எட்வர்ட் டேசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு உளவியலாளர்கள் மனிதனின் உள்ளார்ந்த ஊக்கத்துக்கு மூன்று தேவைகளை அடிப்படையாகச் சொல்கிறார்கள்: தானே தேர்ந்து செய்கிறோம் என்ற உணர்வு, திறமை வளர்கிறது என்ற உணர்வு, தன்னைப் பொருட்படுத்தும் மனிதர்களோடு இருக்கிறோம் என்ற உணர்வு. டேசி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிரைத் தீர்ப்பதற்காகப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்ற பிறகு ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரின் பக்கம் போவது குறைந்தது. விரும்பிச் செய்தது கூலிக்குச் செய்ததாக மாறியபோது விருப்பம் பின்வாங்கியது. அழுத்தமும் இதே காரியத்தைச் செய்கிறது; நான் பார்த்தவரை, அது மூன்றில் முதலில் பறிப்பது தேர்வு உணர்வைத்தான். ‘செய்தாக வேண்டும்’ என்ற சொல் ஒரு நாளில் எத்தனை முறை உங்கள் வாயில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பிடியைத் திரும்பப் பெறுவது

இந்தப் பகுதியில் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் அழுத்தத்தைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை மூச்சுப் பயிற்சியோடு நின்றுவிடுகின்றன. அழுத்தம் நம்மை வளர்க்குமா அரிக்குமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பதோ, வேலையின்மேல் நமக்கு இருக்கும் பிடி.

ராபர்ட் கராசெக் 1979-இல் முன்வைத்த கருத்துப்படி, வேலையின் சுமை மட்டும் ஒருவரை நசுக்குவதில்லை. சுமை அதிகமாகவும் அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் பாதிப்பு மிகுகிறது. சுமையும் உரிமையும் சேர்ந்தே அதிகமாக இருந்தால் மனிதர்கள் கற்கிறார்கள், சுறுசுறுப்பாக இருக்கிறார்கள். பிரிட்டனின் அரசு ஊழியர்களிடையே 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், உச்சியில் இருந்த அதிகாரிகளைவிடக் கீழ்நிலை ஊழியர்களே இதய நோயால் அதிகம் இறந்தது தெரியவந்தது. 1985-இல் 10,308 ஊழியர்களோடு மைக்கேல் மார்மட் தலைமையில் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, வேலையின்மேல் பிடி குறைவாக இருப்பதற்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. பெரிய பொறுப்பில் இருப்பவர்தான் அழுத்தத்தால் சாகிறார் என்ற பொதுக் கருத்துக்கு இது நேர்மாறானது.

இன்னொரு செய்தியும் இங்கே பொருந்துகிறது. தப்பிக்க முடியாத அதிர்ச்சிக்கு உள்ளான நாய்கள், பிறகு தப்பிக்க வழி கிடைத்தபோதும் அசையாமல் படுத்துவிட்டதை மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967-இல் கண்டார்கள். உதவியின்மையை உயிர்கள் கற்றுக்கொள்கின்றன என்று அப்போது கருதினார்கள். ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்து, 2016-இல், அந்த இருவருமே மூளை ஆய்வுகளின் அடிப்படையில் தங்கள் விளக்கத்தைத் திருத்தினார்கள். நீடித்த துன்பத்தின் முன் செயலற்றுப் போவதுதான் இயல்பான நிலை. கற்றுக்கொள்ளப்படுவது, நம் செயலால் ஏதாவது மாறும் என்பதுதான் என்று எழுதினார்கள். தங்கள் பெயர் சொல்லும் கண்டுபிடிப்பைத் தாங்களே திருத்திய அந்த நேர்மை என்னை மிகவும் கவர்ந்தது; அதைவிட, அதன் நடைமுறைப் பொருள் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கை ஓடவில்லை என்று உட்கார்ந்திருப்பவரிடம் குணக்கேடு எதுவும் இல்லை. தன் செயலுக்குப் பலன் உண்டு என்ற சான்று அவருக்குச் சிறிது சிறிதாகத் திரும்பக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சான்றைத் தேடிக்கொள்ள இரண்டு வழிகளைச் சொல்கிறேன். முதலாவது, ஒவ்வொரு நாளும் உங்கள் கையால் முழுவதுமாக முடியக்கூடிய, முடிந்தது கண்ணுக்குத் தெரியக்கூடிய ஒரு சிறு வேலையை அந்தப் பெரிய இலக்குக்குள்ளேயே கண்டுபிடித்துச் செய்வது. ‘ஆய்வில் முன்னேறுவது’ என்பது முடியும் வேலை இல்லை. ‘இரண்டாம் பகுதியில் வரும் 3 வாதங்களையும் ஒவ்வொரு வரியில் எழுதுவது’ முடியும் வேலை. அட்டவணைக் கோடுகளும் கண்ணுக்குத் தெரியும் வேலைதானே என்று கேட்கலாம்; அதனால்தான் மனம் அங்கே ஓடியது. அந்தப் பசியை அடக்க முயல்வதைவிட, அதற்குக் கடினமான பகுதிக்குள்ளேயே ஒரு சிறு கவளத்தைக் கொடுப்பது பலனளிக்கிறது.

இரண்டாவது, சுமையைக் கொடுப்பவரிடம் பேசுவது. ‘வேலை அதிகமாக இருக்கிறது, முடியவில்லை’ என்று சொன்னால் அது புலம்பலாகவே காதில் விழும். அதற்குப் பதிலாக, ‘இந்த இரண்டு வேலைகளில் எது 3 நாள் தள்ளிப்போனால் உங்களுக்குப் பரவாயில்லை?’ என்று கேளுங்கள். அல்லது, ‘இதை என் முறையில் செய்து வெள்ளிக்கிழமை காட்டட்டுமா?’ என்று கேளுங்கள். முதல் கேள்வி வரிசையை முடிவுசெய்ய உதவுகிறது, இரண்டாவது வழிமுறையை உங்கள் கைக்குக் கொண்டுவருகிறது. எல்லா மேலாளர்களும் எல்லா வழிகாட்டிகளும் இதற்கு இணங்கிவிடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இணங்காத இடத்தில், எந்த நேரத்தில், எந்த வரிசையில், எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பதாவது உங்கள் கையில் இருக்கும், அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

தேர்வு, நேர்காணல், மேடை ஆகியவற்றுக்கு முன்

நெஞ்சு படபடக்கும்போது பெரும்பாலானோர் தங்களை அமைதிப்படுத்திக்கொள்ள முயல்கிறார்கள். வேகமாக ஓடும் உடலைச் சட்டென்று நிறுத்துவது கடினம். அந்த வேகத்துக்கு வேறு பெயர் வைப்பது எளிது. ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பிறர் முன் பாடுவதற்கும் பேசுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் முன்னால், தாங்கள் உற்சாகமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டவர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். ஜெரமி ஜேமிசனும் அவருடைய குழுவினரும் 2010-இல், படபடப்பு தேர்வுக்கு உதவக்கூடியதே என்று முன்கூட்டியே அறிந்த மாணவர்கள் கணக்கில் கூடுதல் மதிப்பெண் பெற்றதைக் கண்டார்கள். ஆகவே அறைக்கு வெளியே நிற்கும்போது, ‘பயமாக இருக்கிறது’ என்பதற்குப் பதிலாக ‘உடம்பு தயாராகிவிட்டது’ என்று வாய்விட்டே சொல்லுங்கள். தயாரிப்பே இல்லாதவருக்கு இது உதவாது. தயாரித்தவரின் தயாரிப்பு வீணாகாமல் இது காப்பாற்றுகிறது.

கவலை தலையைச் சுற்றிக்கொண்டே இருந்தால், தேர்வுக்கு முன் 10 நிமிடம் ஒதுக்கி அதை அப்படியே காகிதத்தில் எழுதிவிடுங்கள். ஹெரார்டோ ராமிரெஸ், சியான் பைலாக் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் பதறும் மாணவர்களுக்கு இது மதிப்பெண்ணை உயர்த்தியது. கவலை, கணக்குக்குத் தேவையான மன இடத்தையே அடைத்துக்கொண்டிருந்தது. எழுதியபோது அந்த இடம் கொஞ்சம் விடுபட்டது என்பது அவர்கள் தரும் விளக்கம். அழகாக எழுத வேண்டியதில்லை, தீர்வு எழுத வேண்டியதில்லை. எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

விளையாட்டு, இசை போன்று உடல் பழகிய திறமைகளில் சறுக்கல் வேறு விதமாக வருகிறது. அங்கே தானாக ஓடும் அசைவை, நெருக்கடி நேரத்தில் மனம் குனிந்து பார்த்து, ஒவ்வொரு விரலாக இயக்க முனையும்போதுதான் தடுமாற்றம் உண்டாகிறது. இவர்கள் தங்கள் அசைவை ஆராய்வதை நிறுத்திவிட்டு, பந்து போய்ச் சேர வேண்டிய இடத்தையோ பாடலின் அடுத்த வரியையோ மட்டும் கவனிக்கப் பயில வேண்டும்.

மூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூக்கின் வழியாக ஆழமாக இழுத்து, அதன் மேலேயே இன்னும் சிறிது இழுத்து, பிறகு வாய் வழியாக நீளமாக வெளியே விடுங்கள். இதை நாள்தோறும் 5 நிமிடம் செய்தவர்களின் மனநிலை மேம்பட்டதாக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் தெரிவித்தார்கள்.

வேலையை மூடுவது

உயர் சாதனை என்றதும் இடைவிடாத உழைப்பு நினைவுக்கு வருகிறது. ஆண்டர்ஸ் எரிக்சன் 1993-இல் பெர்லின் இசைக் கல்விக்கூடத்தின் வயலின் மாணவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, மணிக்கணக்கான பயிற்சிக்குச் சான்றாக எங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதே ஆய்வில், மிகச் சிறந்த மாணவர்கள் பயிற்சியை இடைவெளிகளோடு பிரித்துச் செய்தார்கள் என்பதும், மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள், பகலில் சற்றுக் கண்ணயர்ந்தார்கள் என்பதும் இருக்கின்றன. அந்தப் பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

தூக்கத்தைப் பற்றி ஒரு செய்தி போதும். ஹான்ஸ் வான் டொங்கனும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 14 நாட்கள் தொடர்ந்து இரவில் 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனத்திறன், ஓரிரு இரவுகள் முழுவதும் கண்விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. ஆனால் அவர்கள் தங்களுக்கு அவ்வளவு தூக்கம் வருவதாகவே உணரவில்லை. எனக்குப் பழகிவிட்டது என்று சொல்பவர் உண்மையிலேயே அப்படித்தான் உணர்கிறார். மங்கிப்போனதை மங்கிய கண்ணால் அளக்க முடியாது.

உடல் படுக்கையில் இருந்தும் மனம் மேசையிலேயே இருப்பவர்களுக்கு ஒரு துண்டுச்சீட்டு உதவும். முடியாத வேலைகள் மனத்தில் வந்து வந்து தொந்தரவு செய்கின்றன. ஆனால் அவற்றை எப்போது, எப்படிச் செய்வது என்று குறிப்பாகத் திட்டமிட்டுவிட்டால், வேலை முடியாமலேயே அந்தத் தொந்தரவு அடங்குகிறது என்று மாசிகாம்போ, பவுமைஸ்டர் ஆகியோர் 2011-இல் காட்டினார்கள். அந்த அறிக்கையின் இரண்டாம் நாள் இரவு நான் எழுதிய சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: ‘காலை 7 மணி. தேநீருக்குப் பின், கணினியைத் திறக்கும் முன், முடிவு என்ன என்பதைக் கையால் 5 வரியில் எழுது. அட்டவணையைத் தொடாதே.’ நேரம், எதற்குப் பின், முதல் அசைவு எது, எதைச் செய்யக் கூடாது ஆகிய நான்கும் அதில் இருந்தன. ‘நாளை முடிவுரையை முடிக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால் அது கவலையை இன்னொரு முறை எழுதியதாகத்தான் ஆகியிருக்கும். காலையில் 5 வரிகள் வந்தன. அவற்றில் 3 தவறாக இருந்தன. தவறு எது என்று தெரிந்ததால்தான் மற்றவற்றை எழுத முடிந்தது.

சுயமுயற்சி போதாத கட்டம்

மேலே சொன்னவை எல்லாம் அழுத்தம் ஏறி இறங்கும் வாழ்க்கைக்கு உரியவை. அது இறங்காமலேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டால் நிலைமை வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில், பர்ன்அவுட் என்பதை வேலை சார்ந்த ஒரு நிலை என்று குறிப்பிட்டு, மூன்று கூறுகளைச் சொல்கிறது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன்மேல் கசப்பு, செயல்திறன் குறைதல். உயர் சாதனையாளர்களிடம் மூன்றாவது கூறு கடைசியில்தான் தென்படுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்; அதனால்தான் வேலை குறையும்வரை காத்திருக்கக் கூடாது. முன்பு அக்கறையோடு பேசிய மனிதர்களைப் பற்றி எரிச்சலோடு பேசத் தொடங்கியிருந்தால், விடுமுறையிலிருந்து திரும்பிய இரண்டாம் நாளே பழைய களைப்பு வந்துவிட்டால், அவற்றையே அறிகுறியாகக் கொள்ளுங்கள்.

டோக்கியோவில் 2021-இல் நடந்த ஒலிம்பிக்கில், ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ், காற்றில் சுழலும்போது தன் உடல் எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வை இழந்ததால் குழுப் போட்டியின் நடுவிலேயே விலகினார். அதன்பின் பெரும்பாலான தனிநபர் இறுதிப் போட்டிகளிலும் பங்கேற்கவில்லை. அப்போது அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பழக்கம் இழுத்த இழுப்புக்குப் போகாமல், நின்று யோசித்து எடுத்த முடிவு அது. 2024-இல் பாரிஸில் அவர் 3 தங்கமும் 1 வெள்ளியும் பெற்றார்.

உங்களுக்கு 2 வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்தே இருந்தால், முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல் போனால், தூக்கமோ பசியோ வெகுவாக மாறினால், மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் 2 வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, நம்பும் ஒருவரிடம் சொல்லி, அவரை உடன் அழைத்துக்கொண்டு உதவி பெறுங்கள். சாதனையாளர்கள் மருத்துவரின் முன்னால்கூடத் தங்கள் நிலையைக் குறைத்துச் சொல்வார்கள், அங்கேயும் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற பழக்கத்தால். அதற்காகவே, போவதற்கு முந்தைய வாரம் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எத்தனை மணிக்கு விழித்தீர்கள், எந்த வேளை உணவைத் தவிர்த்தீர்கள், எந்த வேலையைத் தொடவே முடியாமல் தள்ளிப்போட்டீர்கள் என்பதை நாள்வாரியாக ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.